சல்லடையாரும் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது ஒன்பதும்

வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போன பிறகு, அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகம் யாருக்கும் வரும். சல்லடையாருக்கு அது தெருமுனை வரைகூடக் காத்திருக்காது. மாடிப்படியிலேயே வந்து சட்டையைப் பிடித்து இழுக்கும். திரும்பி ஏறுவார். பூட்டைத் திறப்பார். குமிழைத் திருகிப் பார்ப்பார், கொஞ்ச நேரம் மோப்பம் பிடிப்பார், அணைந்துதான் இருக்கிறது என்று மனசாரத் தீர்மானித்துக்கொண்டு இறங்கி வருவார். வருகிற பெருமிதத்தில் வாசற்கதவை ஆவென்று திறந்து போட்டுவிட்டு வருவார். அடுப்பு விஷயத்தில் இதுவரை அவர் தவறியதே இல்லை. கதவு அவருடைய சோதனைத் திட்டத்தில் இல்லை.

சல்லடை என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, ஆபீசில் வைத்தது. எதையும் சலித்துப் பார்க்காமல் விடமாட்டார் என்ற அர்த்தத்தில் வைத்ததாக அவர் நம்பினார். சல்லடை என்றால் ஓட்டைகளும்தான் என்று ஒரு முறை மனைவி சொன்னதை அவர் பதிவில் ஏற்றவில்லை.

மனிதர் ஆதியில் புரோகிராம் எழுதுகிறவராகத்தான் இருந்தார். அவர் எழுதிய முதல் புரோகிராம் ஒரு பெரிய கடையில் பில் போடும் இயந்திரத்துக்கு. திறப்பு விழா அன்று காலை அந்த இயந்திரம், சோப்பு வாங்க வந்தவர்களுக்கெல்லாம் சோப்பையும் கொடுத்து, மேலே காசும் கொடுத்தது. அந்தக் கடைக்கு அப்படி ஒரு கூட்டம் அதற்குப் பிறகு வந்ததே இல்லை. மேலதிகாரி அவரைத் தனியே அழைத்து, "நீங்க இனிமே எழுத வேண்டாம். மத்தவங்க எழுதினதைப் பாருங்க போதும்" என்றார். தன் தப்பைத் திருத்தத் தெரியாத ஒருவருக்கு ஊரார் தப்பைக் கண்டுபிடிக்கிற உத்தியோகம் அமைந்தது இப்படித்தான். இதை அவரே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். நாமாகச் சொல்லிவிட்டால் அடுத்தவன் சொல்வதற்கு மிச்சம் இருக்காது என்பது அவருடைய தற்காப்புக் கலை.

இப்போது அவர் இருப்பது ஒரு பிளாக்செயின் கம்பெனியில். கீழே மெத்தைக் கடை, மேலே இவர்கள். மாடிப்படி பொது. ஆதலால் வாரத்துக்கு நாலைந்து பேர் மேலே ஏறி வந்து, கம்ப்யூட்டர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "டபுள் பெட் எங்கே இருக்கு?" என்று கேட்பார்கள். கம்பெனி என்ன விற்கிறது என்று அவர்களுக்குப் புரியாததில் வியப்பில்லை. அங்கே வேலை பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்கு இன்னும் தெளிவாகவில்லை.

சல்லடையார் தம் மாமியாருக்குச் சொன்ன விளக்கம்தான் உள்ளதில் தெளிவானது.

"அத்தை, ஊர் நடுவுல ஒரு பெரிய சுவர்னு வெச்சுக்கோங்க. யார் யாருக்கு எத்தனை டோக்கன் கொடுத்தாங்கன்னு அதுல எழுதிக்கிட்டே இருப்பாங்க. யாரும் அழிக்க முடியாது. யார் வேணா படிக்கலாம். ஒவ்வொருத்தருக்கும் ஒரு பை உண்டு, அதுக்குப் பேர் வாலெட்."

"டோக்கன்னா? பேங்க்ல கொடுப்பாங்களே, நம்பர் வரட்டும்னு உக்கார வெப்பாங்களே, அதுவா?"

"இது காசு மாதிரி அத்தை. காசும் இல்லை. ஆனா காசு கொடுத்து வாங்குவாங்க."

"ம்."

"என் பையில போன வருஷக் கடைசியில எத்தனை டோக்கன் இருந்துச்சுன்னு சுவரையே கேட்டா அது சொல்லும். ஆனா வரிசையில நின்னு ஒவ்வொரு பையா கேக்கணும். கோடிக்கணக்கான பைக்கு யாரு நிப்பா? அதனால எங்க கம்பெனி, கொடுத்தது வாங்கினது எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சு, இருப்பு எவ்வளவுன்னு முன்கூட்டியே தயாரா வெச்சிருக்கும். கேட்டவங்களுக்குக் கேட்ட உடனே கொடுக்கும்."

"அதுல நீங்க?"

"அந்த இருப்பு சரியான்னு பாக்குறவன்."

"அப்ப நீங்கதான் பெரிய ஆளுன்னு சொல்லுங்க" என்றார் மாமியார். அத்தை வாயால் இப்படி ஒரு சொல் வருவது அபூர்வம். சல்லடையார் அதை மறுக்கவில்லை.

உண்மையிலேயே ஆபீசில் அவர் பெரிய ஆள்தான். புதிய பதிப்பு எது வெளியே போவதாக இருந்தாலும் கூட்டம் போடுவார்கள். எல்லோரும் பேசி முடித்ததும் முதலாளி சல்லடையார் பக்கம் திரும்புவார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "சரி" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக மொத்த ஆபீசும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வீட்டில் அதே வார்த்தையை அவர் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிறார். யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

அவருடைய சோதனை முறை வெகு பிரசித்தம். அவர் எழுதிய ஒரு சிறு புரோகிராம் (ஆம், இது ஒன்றை மட்டும் அவரே எழுதினார், யாரும் தடுக்கவில்லை) கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு பையை எடுக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு டோக்கனை எடுக்கும். இந்தப் பையில் இந்த டோக்கன் எத்தனை என்று கம்பெனியின் தரவைக் கேட்கும். அதையே சுவரிடமும் கேட்கும். இரண்டும் ஒத்துப்போனால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. இப்படிப் பத்தாயிரம் தடவை. பாரபட்சம் கூடாது, ஆள் பார்த்துச் சோதிக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. திரையில் பச்சை வரிகள் சரசரவென்று ஓடுவதைப் பார்க்கையில் மழை பெய்த மறுநாள் புல்வெளியைப் பார்ப்பது போல் இருக்கும் அவருக்கு.

நடுவில் இரண்டு மூன்று சிவப்பு எட்டிப் பார்க்கும். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் ‘விக்கல்’. நெட்வொர்க் கொஞ்சம் விக்கியிருக்கும், அவ்வளவுதான். விக்கினால் தண்ணீர் கொடுப்பது போல, சிவப்பு வந்த இடத்தில் இன்னொரு ஓட்டம் விடுவார். புரோகிராம் மறுபடி கண்ணை மூடிக்கொண்டு வேறு ஒரு பையை, வேறு ஒரு டோக்கனை எடுக்கும். பச்சை வந்துவிடும். விக்கல் நின்றது.

ஆக, உள்ளபடி அவர் கணக்கு நூற்றுக்கு நூறு. ஆனால் நூறு என்று போட்டால் எவனும் நம்பமாட்டான் என்பதால், ஒரு சிவப்பை மட்டும் தண்ணீர் கொடுக்காமல் அப்படியே விட்டு வைத்தார். அடக்கத்துக்காக. அப்படிப் பிறந்ததுதான் கம்பெனியின் வாசற்பலகையிலும், வலைத்தளத்திலும், முதலாளியின் விசிட்டிங் கார்டிலும் மின்னிய ‘99.99% துல்லியம்’.

இந்தப் புகழின் உச்சத்தில்தான் அறை விவகாரம் வந்தது.

அந்த ஆபீசில் கதவுள்ள அறை ஒன்றே ஒன்று. மற்றவர்கள் எல்லோரும், முதலாளி உட்பட, ஒரே கூடத்தில் முதுகோடு முதுகு உரச உட்கார்ந்திருப்பவர்கள். அந்த ஒரே அறையையும் வாடகையைக் குறைக்க மெத்தைக் கடைக்காரருக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தார்கள். அவர் அதில் தரை முதல் கூரை வரை தலையணைகளை அடுக்கி வைத்திருந்தார். வரிக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் ஒரு பெரிய நிறுவனம் இவர்களுடைய தரவை வாங்க முன்வந்திருந்தது. திங்கட்கிழமை அந்த நிறுவனத்தின் தணிக்கை அதிகாரி அம்மையார் நேரில் வருகிறார். சல்லடையார் தம் சோதனை முறையை விளக்கிச் சொல்லி, ‘சரி’ சொல்ல வேண்டும். அம்மையார் கையெழுத்துப் போடுவார். போட்டால் ‘துல்லியத் துறை’ என்று ஒன்று உருவாகும். சல்லடையார் அதன் தலைவர். தலையணைகள் வெளியே, தலைவர் உள்ளே.

அறை! அவருக்கு வயது நாற்பத்தாறு. பிறந்த வீட்டில் உடன்பிறந்தவர்களோடு ஓர் அறை, விடுதியில் மூவரோடு ஓர் அறை, கல்யாணத்துக்குப் பிறகு மனைவியோடு, பிறகு மாமியார் வந்ததும் கூடத்தில் ஒரு நாற்காலி. தான் உள்ளே இருக்கும்போது மற்றவர்கள் தட்டிவிட்டு வரவேண்டிய கதவு ஒன்று அவர் வாழ்க்கையில் இருந்ததில்லை. குளியலறைக் கதவைத் தட்டுவார்கள், ஆனால் அது சீக்கிரம் வா என்பதற்காக.

வீட்டில் செய்தி தெரிந்ததும் மாமியார் கடைக்குப் போய் ஒரு மிதியடி வாங்கி வந்தார். சிவப்பு நிறம், நாலு ஓரமும் மஞ்சள் பின்னல்.

"கதவுன்னு ஒண்ணு இருந்தா மிதியடி வேணுமே மாப்பிள்ளை" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒத்திகை. தொலைக்காட்சியில் லேப்டாப்பை இணைத்து, மனைவியையும் மாமியாரையும் சோபாவில் உட்காரவைத்து, சல்லடையார் கூடத்தின் நடுவில் நின்றார். மனைவி ரயிலில் டிக்கெட் பரிசோதகர். அன்று மதியம்தான் வேலை. தேநீரும் கையுமாக, "ஆரம்பிங்க, ட்ரெயின் கிளம்பட்டும்" என்றார்.

பேச்சு அமர்க்களமாகப் போயிற்று. ‘துல்லியம் என்பது ஒரு எண் அல்ல, ஒரு ஒழுக்கம்’ என்ற வரியில் மனைவி கொட்டாவியை மறைத்தார். அதைக் கவனித்த சல்லடையார், வெறும் பேச்சு எடுபடாது, கண்ணால் பார்க்க ஏதாவது வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்து, சோதனை முடிவுகளிலிருந்து ஒரு பக்கத்தை அப்படியே திரையில் விரித்தார். இத்தனை நாளும் அவர் பார்த்தது பச்சையா சிவப்பா என்பதைத்தான். நிறத்துக்குப் பக்கத்தில் எண்கள் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். சமையற்கட்டில் எலி இருக்கும் என்பது தெரிந்த மாதிரி. போய்ப் பார்த்ததில்லை.

மாமியார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எழுந்து திரைக்குக் கிட்டே போனார். மேலிருந்து கீழே வாசித்தார். மறுபடி வாசித்தார். முகம் வாடிவிட்டது.

"ஐயோ பாவம்" என்றார்.

"என்ன அத்தை?"

"ஒருத்தர்கிட்டயும் ஒண்ணும் இல்லையா மாப்பிள்ளை? எல்லாம் முட்டை முட்டையா இருக்கே. இவ்வளவு ஏழைங்களுக்கா நீங்க கணக்குப் பாக்குறீங்க?"

சல்லடையார் பெரிய மனது பண்ணிச் சிரித்தார். "அப்படி இல்ல அத்தை. கோடிக்கணக்கான பை இருக்கு, லட்சக்கணக்கான டோக்கன் இருக்கு. கண்ணை மூடிக்கிட்டு ஒரு பை, கண்ணை மூடிக்கிட்டு ஒரு டோக்கன் எடுத்தா, அந்தப் பையில அந்த டோக்கன் எப்படி இருக்கும்? இருக்காது. அதனால நம்ம தரவும் பூஜ்யம்னு சொல்லும், சுவரும் பூஜ்யம்னு சொல்லும். ரெண்டும் ஒத்துப்போகும். அதனால பச்சை. அதனால..."

அதனால என்ற சொல்லில் அவர் நின்றுவிட்டார். வாய் மட்டும் கொஞ்ச நேரம் திறந்திருந்தது, அவர் வீட்டு வாசற்கதவு போல.

பழைய முடிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். பூஜ்யம், பூஜ்யம், சரி. பூஜ்யம், பூஜ்யம், சரி. பத்தாயிரம் சோதனையில் பைக்குள் ஏதாவது இருந்தது பத்துப் பன்னிரண்டு இடத்தில்தான். அந்தப் பத்துப் பன்னிரண்டில்தான் அவருடைய இரண்டு மூன்று விக்கல்களும் இருந்தன. அதாவது, அவருடைய சோதனை உண்மையில் வேலை செய்த இடங்கள் அவைதாம். அவற்றுக்குத்தான் அவர் தண்ணீர் கொடுத்து வாயை அடைத்திருந்தார். மற்றபடி, ஒன்றுமில்லாத இடத்தில் ஒன்றுமில்லை என்பதை, ஒழுக்கத்தோடு, பாரபட்சமில்லாமல், வருஷக்கணக்காக உறுதிசெய்து வந்திருக்கிறார்.

விஷயம் மனைவிக்கு விளங்க அதிக நேரம் ஆகவில்லை. முதலில் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார். தேநீர் சிந்தியது.

"ஏங்க, நான் ட்ரெயின் முழுக்க காலி சீட்டாப் பாத்து டிக்கெட் கேட்டுக்கிட்டே போனா ஒருத்தனும் மாட்டமாட்டான். சிறந்த பரிசோதகர்னு எனக்கும் கோப்பை கொடுப்பாங்க இல்ல?"

"சிரிக்காதே."

"சிரிக்கல. அந்தக் கோப்பையை எங்க வெக்கலாம்னு யோசிக்கிறேன்."

"நாளைக்கு அந்தம்மா வராங்க."

அப்போதுதான் மனைவி சிரிப்பை நிறுத்தினார். மிதியடி பொட்டலம் பிரிக்காமல் வாசல் பக்கம் இருந்தது. மூவரும் அதைப் பார்த்தார்கள்.

மதியம் மனைவி வேலைக்குப் போனதும் சல்லடையார் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். இந்தத் தடவை பைக்குள் உண்மையிலேயே ஏதாவது இருக்கிற ஜோடிகளை மட்டும் எடுக்கும்படி புரோகிராமை மாற்றினார். ஓடவிட்டார். திரை புல்வெளியாக இல்லை. அம்மை போட்ட முதுகு போல இருந்தது. நூற்றுக்கு எண்பத்தொன்று.

காரணம் ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. சில டோக்கன்கள் யாரும் அனுப்பாமலே பைக்குள் இருந்தபடி நாளுக்கு நாள் ஊறும். சில டோக்கன்கள் கை மாறும்போதெல்லாம் வழியில் கொஞ்சம் கரையும். கொடுத்ததையும் வாங்கியதையும் மட்டும் கூட்டிக் கழிக்கிற கம்பெனியின் தரவுக்கு ஊறுவதும் தெரியாது, கரைவதும் தெரியாது. சுவருக்குத் தெரியும்.

சும்மா இருந்துவிடலாமா என்று அவர் யோசிக்காமல் இல்லை. யாருக்குத் தெரியப்போகிறது? தெரிந்திருக்கிற இரண்டு பேரில் ஒருவர் டிக்கெட் பரிசோதகர், இன்னொருவர் மாமியார். கையெழுத்து ஆகட்டும், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகத் திருத்திக்கொள்ளலாம். இந்த யோசனை அவருக்கு நியாயமாகவே பட்டது. இத்தனை நேர்த்தியான நியாயம் தன் மூளையில் வேறு எப்போதும் உதித்ததில்லையே என்பதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. வரிக் கணக்கு நிறுவனம் இந்த எண்களை வைத்துத்தான் ஆயிரம் பேருக்கு வரி போடும். பையில் இல்லாததற்கு ஒருவர் வரி கட்டுவார். இருப்பதை மறைத்ததாக இன்னொருவர் வீட்டுக்கு நோட்டீஸ் வரும். இருவரும் தலையில் கை வைத்துக்கொண்டு கேட்பார்கள்: இதைச் சரி என்று சொன்ன புண்ணியவான் யார்?

"என்ன மாப்பிள்ளை, அந்த ஏழைங்களைப் பத்தியே யோசிக்கிறீங்களா?" என்று மாமியார் பிரெட்டில் வெண்ணெய் தடவி வைத்துவிட்டுப் போனார்.

"இல்ல அத்தை. இப்ப பணக்காரங்களைப் பத்தி."

மறுநாள் காலை ஆபீஸ் படிக்கட்டிலேயே பைப்லைனைப் பிடித்தார். பைப்லைன் என்பது கம்பெனியில் தரவைச் சுவரிலிருந்து இறைத்துக் கொண்டுவரும் குழாய் வேலை முழுவதையும் தனியாளாகக் கட்டிய பெண்மணியின் பட்டப்பெயர். அவரை இவர் தங்கச்சி என்பார், இவரை அவர் அண்ணே என்பார், மற்றபடி இருவருக்கும் ஏழாம் பொருத்தம். சல்லடையார் விஷயத்தைச் சொல்லி முடித்தார். தன்னைத் தானே கிண்டல் பண்ணித்தான் சொன்னார். பைப்லைன் சிரிக்கவில்லை.

"அண்ணே, நீங்க சரின்னு சொன்னதாலதானே நான் திரும்பிப் பாக்கல? அந்த ஊறுற டோக்கன் எனக்கு முதல்லேர்ந்து சந்தேகம். சல்லடை சரின்னுட்டாரு, நம்மதான் தப்பா யோசிக்கிறோம்னு விட்டுட்டேன்."

சல்லடையார் மேல்படியில் வைத்த காலை இறக்கிக்கொண்டார்.

"விக்கல் விக்கல்னு ஒதுக்கினீங்களே, அதுல ஒண்ணே ஒண்ணை எங்கிட்ட காட்டியிருந்தா போதுமே."

"காட்டியிருக்கணும் தங்கச்சி."

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"தெரியல. எழுந்து நின்னதும் வாய் என்ன சொல்லுதோ பாக்கலாம்."

"உங்க வாயை நம்பியா?" என்று சொல்லிவிட்டு பைப்லைன் மேலே ஏறிப் போனார்.

தணிக்கை அம்மையார் சொன்ன நேரத்துக்கு வந்தார். பருத்திப் பை ஒன்று, கண்ணாடி ஒன்று, சிரிப்பு இல்லை. முதலாளி அவரை வரவேற்று, தண்ணீர் கொடுத்து, விசிட்டிங் கார்டு கொடுத்து, வாசற்பலகையைக் காட்டி, வலைத்தளத்தைக் காட்டி, கடைசியில், "இதுக்கெல்லாம் காரணமானவர் இவர்தான் மேடம். ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வாரு. அதைச் சொல்லிட்டார்னா நாங்க நிம்மதியா தூங்குவோம்" என்றார்.

சல்லடையார் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூடம் மூச்சைப் பிடித்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"எண்பத்தொண்ணு" என்றார்.

முதலாளி சிரித்தார். "எண்பத்தொரு நிமிஷமா? மேடத்துக்கு நேரமில்ல சார், சுருக்கமா சொல்லுங்க."

"நிமிஷம் இல்ல சார். சதவீதம்."

ஆபீஸ் வாசற்கதவு திறந்தது. கையில் அளவு நாடாவோடு ஒருவர் எட்டிப் பார்த்து, "ஏங்க, டபுள் பெட் மேலயா?" என்றார்.

"கீழ!" என்று மொத்த ஆபீசும் ஒரே குரலில் சொன்னது. அந்தக் கம்பெனி முழு ஒற்றுமையோடு சொன்ன சரியான தகவல் அன்றைக்கு அது ஒன்றுதான்.

பிறகு சல்லடையார் சொன்னார். முட்டைகளைச் சொன்னார், விக்கல்களைச் சொன்னார், அடக்கத்துக்காக விட்டுவைத்த ஒரு சிவப்பைச் சொன்னார். தன்னை யாராவது நடுவில் நிறுத்திவிட மாட்டார்களா என்று ஒரு மனம் ஏங்கியது, யாரும் நிறுத்தவில்லை. முதலாளியின் முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது. கடைசி முயற்சியாக அம்மையார் பக்கம் சாய்ந்து, "பாத்தீங்களா மேடம், எவ்வளவு கறார்! தன்னையே விடமாட்டாரு. இதுதான் எங்க தரம்" என்றார்.

அம்மையார் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "கண்ணை மூடிக்கிட்டு எடுத்ததுல எத்தனை பை காலி?" என்று சல்லடையாரைக் கேட்டார்.

"கிட்டத்தட்ட எல்லாமே மேடம்."

"இதுக்கு முன்னாடி ரெண்டு கம்பெனிக்குப் போயிட்டு வந்தேன். ரெண்டு பேருமே தொண்ணூத்தொன்பது புள்ளி ஒன்பது ஒன்பதுன்னு சொன்னாங்க."

"எப்படிச் சோதிச்சாங்கன்னு கேட்டீங்களா?"

"கேக்கல. எனக்குக் கேக்கத் தோணல." அம்மையார் பேனாவை மூடிப் பைக்குள் போட்டார். "இப்ப போய்க் கேக்கப் போறேன்." எழுந்தவர் வாசல் வரை போய்த் திரும்பினார். "எண்பத்தொண்ணை வெச்சுக்கிட்டு நான் எதுவும் வாங்க முடியாது. ஏறினதும் கூப்பிடுங்க. கூப்பிடும்போது எத்தனைன்னு மட்டும் சொல்லாதீங்க, எதுல எத்தனைன்னு சொல்லுங்க."

படிக்கட்டில் அவருடைய செருப்புச் சத்தம் இறங்கிப் போயிற்று. கீழே மெத்தைக் கடைக்காரர் அவரையும் மடக்கி, "வாங்கம்மா, என்ன சைஸ் பாக்குறீங்க?" என்று கேட்பது தெளிவாகக் கேட்டது.

முதலாளி வாசற்பலகையை ஒரு பார்வை, விசிட்டிங் கார்டை ஒரு பார்வை, சல்லடையாரை ஒரு பார்வை பார்த்தார். கார்டு ஆயிரம் அடித்து வைத்திருந்தார்.

"வேலையை விட்டு அனுப்பிடலாம்னு பாத்தா, இந்த எண்பத்தொண்ணை ஏத்துறதுக்கு உங்களை விட்டா ஆள் இல்ல" என்றார். "ஆனா ஒண்ணு. இனிமே வெளியாள் வர்ற நேரத்துல நீங்க இந்தக் கூடத்துல இருக்கவே கூடாது. கண்ணுலயும் படக்கூடாது, காதுலயும் விழக்கூடாது."

"எங்க சார் போறது?"

முதலாளி தலையணை அறையைக் கைகாட்டினார். "உள்ள போங்க. கதவைச் சாத்திக்குங்க."

தலையணைகளை எடுக்க மெத்தைக் கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. துறை உருவானால்தானே காலி செய்வதாகப் பேச்சு? துறை இல்லை, தலைவர் இல்லை, ஆகவே தலையணை இருக்கும். ஒரு மேசையும் ஓர் ஆளும் நுழைகிற அளவுக்கு மட்டும் அடுக்கை ஓரமாகத் தள்ளிக் கொடுத்தார். மூன்று பக்கமும் தலையணை. உள்ளே இருந்துகொண்டு கத்தினாலும் வெளியே கேட்காது. அந்த வகையில் முதலாளியின் ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை சல்லடையார் மிதியடியோடு போனார். பொட்டலத்தைப் பிரித்து, கதவுக்கு வெளியே விரித்து, நாலு ஓரமும் நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். மெத்தைக் கடைப் பையன்கள் தலையணை எடுக்க வரும்போதெல்லாம் அதில் காலைத் துடைத்துக்கொண்டு, தட்டிவிட்டு வந்தார்கள். தட்டினார்கள்! ஒவ்வொரு தட்டுக்கும் அவர் தேவைக்கு மேல் கொஞ்சம் காக்கவைத்து, "வாங்க" என்றார்.

பைப்லைனும் தட்டினார், மதியத்துக்கு மேல். முகத்தில் நேற்றைய கோபத்தின் வெயில் இன்னும் இறங்கவில்லை. "அந்த விக்கலையெல்லாம் அனுப்புங்க அண்ணே. ஊறுற டோக்கனுக்குக் கூட்டிக் கழிக்கிறதை விட்டுட்டு சுவரையே நேரா கேக்குற மாதிரி மாத்தியிருக்கேன். ஓட்டிப் பாருங்க."

ஓட்டிப் பார்த்தார். இந்தத் தடவை நிறத்தைப் பார்க்கவில்லை, எண்ணைப் பார்த்தார். ஏதோ ஒரு தேசத்தில் யாரோ ஒருவருடைய பை. உள்ளே நாற்பத்திரண்டும் சில்லறையும். கம்பெனியின் தரவில் நாற்பத்திரண்டு, அதே சில்லறை. சுவரில் நாற்பத்திரண்டு, அதே சில்லறை. இது ஒத்துப்போனதும் திரையில் வந்த பச்சை, இத்தனை வருஷம் அவர் பார்த்த பச்சையைவிடக் கொஞ்சம் அழுத்தமாக இருந்த மாதிரி தோன்றியது.

"எவ்வளவு ஆச்சு?" என்றார் பைப்லைன்.

"எண்பத்தேழு. காலிப் பையைச் சேர்க்காம."

"கரையுற டோக்கன் பாக்கி இருக்கு" என்று எழுந்த பைப்லைன், வாசலில் கால் வைத்ததும் கீழே பார்த்தார். "மிதியடி நல்லா இருக்கு அண்ணே. துறைத் தலைவருக்குப் பொருத்தம்."

"துறை எங்க தங்கச்சி இருக்கு? தலையணைதான் இருக்கு."

பைப்லைன் முதுகைத் திருப்பிக்கொண்டுதான் சிரித்தார். ஆனால் சிரித்தார்.

சாயங்காலம் வீட்டிலிருந்து போன். மனைவி முதலில் பேசினார்.

"கூட்டம் என்ன ஆச்சுன்னு நேத்தும் சொல்லல. ரூம் கிடைச்சுதா இல்லையா?"

"கிடைச்சுது."

"நிஜமாவா? கதவு?"

"இருக்கு. சாத்தியே இருக்கணும்னு உத்தரவு."

"கையெழுத்துப் போட்டாங்களா அப்ப?"

"அதை வீட்டுக்கு வந்து சொல்றேன்."

ஓடுகிற ரயிலில் ஒளிந்துகொள்கிறவர்களைப் பிடித்தே பழகியவர் அவர். "சரி. வாங்க, பாத்துக்கலாம்" என்றார். "அம்மா ஏதோ கேக்கணுமாம்."

மாமியாரின் குரல் வந்தது. "மாப்பிள்ளை, இன்னைக்காவது யார்கிட்டயாவது ஏதாவது இருந்துச்சா?"

சல்லடையார் திரையைப் பார்த்தார்.

"இருந்துச்சு அத்தை. ஒருத்தர்கிட்ட நாற்பத்திரண்டு இருந்துச்சு."

"அப்பாடா" என்றார் மாமியார்.

அன்று கிளம்பும்போது அவர் விளக்கை அணைத்தார், அணைந்ததா என்று பார்த்தார். படிக்கட்டில் பாதி இறங்கியதும் வழக்கமான சந்தேகம் வந்தது. திரும்பி ஏறினார். விளக்கு அணைந்துதான் இருந்தது. அறைக் கதவுதான் ஆவென்று திறந்து கிடந்தது. அதைச் சாத்தினார். இழுத்துப் பார்த்தார். மிதியடியில் காலைத் துடைத்துக்கொண்டு இறங்கினார்.